மின்னோட்டத்தின் ஒருவழிப்பாதை

நுழையும்முன்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி வழியாக நாள்தோறும் மின்தொடர்வண்டிகள் ஓடுகின்றன. வண்டிக்கு மேலே செல்லும் கம்பியில் பாயும் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை தன் திசையை மாற்றிக்கொள்கிறது. அவ்வண்டிகளின் மின்மோட்டார்களுக்கு நெடுங்காலம் தேவைப்பட்டதோ ஒரே திசையில் பாயும் மின்னோட்டம். இவ்விரண்டுக்கும் இடையே நின்று திசையை ஒழுங்குபடுத்திய கருவி டையோடு. தொடர்வண்டி முதல் செல்பேசி மின்னேற்றி வரை பயன்படும் அக்கருவி இயங்கும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

கம்பியில் ஒன்று, மோட்டாருக்கு வேறு

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. சென்னையையும் அரக்கோணத்தையும் இணைக்கும் அவ்வழித்தடத்தில்தான் இன்று அம்பத்தூரும் ஆவடியும் பெரும் நிலையங்களாக விளங்குகின்றன. நீராவியால் தொடங்கிய அப்பயணம், 1979இல் திருவள்ளூர் வரையிலும் 1982இல் அரக்கோணம் வரையிலும் மின்மயமாயிற்று.

இவ்வழித்தடத்தின் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் எதற்கு என்னும் வினா எழலாம். 25 இலட்சம் வாட் திறனை 25,000 வோல்ட்டில் அனுப்ப 100 ஆம்பியர் மின்னோட்டம் போதும். அதே திறனை 1,500 வோல்ட்டில் அனுப்ப ஏறத்தாழ 1,667 ஆம்பியர் தேவை. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். எனவே, அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 278 மடங்காகிவிடும். மின்னழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் மின்மாற்றி உதவுகிறது. மின்மாற்றியோ மாறுதிசை மின்னோட்டத்தில் மட்டுமே இயங்கும். ஆகவே கம்பியில் செல்வது மாறுதிசை மின்னோட்டம். அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்.

ஆனால், கனமான வண்டியை நின்ற நிலையிலிருந்து இழுத்துப் புறப்படச் செய்வதற்கு மிகவும் ஏற்றதாக நெடுங்காலம் கருதப்பட்டது நேர்திசை மின்னோட்டத்தால் இயங்கும் தொடர்சுற்று மோட்டார். அது புறப்படும் வேளையிலேயே மிகுந்த இழுவிசையைத் தரும். அத்தகைய பெரிய மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தை நேரடியாகக் கொடுத்தால் அதன் தூரிகைகளில் தீப்பொறி பறக்கும், இழப்பும் மிகும்.

1931இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் வழித்தடம் மின்மயமானபோது, கம்பியிலேயே 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்டம் செலுத்தப்பட்டது. மாறுதிசையை நேர்திசையாக மாற்றும் பணி தரையிலிருந்த துணைமின் நிலையங்களில் நடைபெற்றது. 1960களில் அவ்வழித்தடமும் 25,000 வோல்ட் மாறுதிசை முறைக்கு மாறியது. அதன்பின் அம்மாற்றும் பணி, ஓடும் வண்டிக்கு உள்ளேயே நடைபெற வேண்டியதாயிற்று. குலுங்கி ஓடும் வண்டியில் வைக்கத்தக்க, உறுதியான, ஓயாது உழைக்கக்கூடிய ஒரு கருவி தேவைப்பட்டது. இந்தியாவிற்கு 1959 முதல் வந்த டபிள்யூ.ஏ.எம்-1 வகை மின்பொறிகளில் அப்பணிக்குப் பாதரச ஆவிக் கலங்கள் பயன்பட்டன. பின்னர் வந்த மின்பொறிகளில் சிலிக்கன் டையோடுகள் அவ்விடத்தைப் பிடித்தன. பாதரசத்தை ஆவியாக்க வேண்டிய தேவையோ, மின்வில்லைத் தூண்ட வேண்டிய தேவையோ அவற்றுக்கு இல்லை.

இருமுனைக் கருவி

டையோடு என்பதற்கு இருமுனையம் என்று பொருள் கொள்ளலாம். அதன் ஒருமுனை நேர்மின்வாய், மறுமுனை எதிர்மின்வாய். நேர்மின்வாயிலிருந்து எதிர்மின்வாயை நோக்கி மின்னோட்டத்தை அது செல்லவிடும். எதிர்த்திசையில் தடுத்து நிறுத்தும்.

மிதிவண்டி டியூபின் வால்வு இதற்கு எளிய எடுத்துக்காட்டு. பம்பு அடிக்கும்போது காற்று வால்வின் வழியே உள்ளே புகும். கையை எடுத்ததும் உள்ளிருக்கும் காற்று வெளியேற முயலும். வால்வு அதனைத் தடுத்துவிடும். எவரும் ஒவ்வொரு முறையும் வால்வைத் திறந்து மூடுவதில்லை. காற்றின் அழுத்தமே அதனைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. டையோடும் அத்தகையதே. அதற்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தின் திசையே அது திறப்பதையும் மூடுவதையும் முடிவுசெய்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வால்வினுள் அசையும் பகுதி இருக்கிறது. டையோடினுள் அசையும் பகுதி எதுவும் இல்லை. திண்மமான ஒரு சிறு சிலிக்கன் துண்டே வழிவிடவும் வழிமறிக்கவும் செய்கிறது. அஃது எவ்வாறு என்பதை அறியச் சிலிக்கனின் உள்ளமைப்பை அறிய வேண்டும்.

தூய்மையும் மாசும்

செம்பு போன்ற உலோகங்கள் மின்சாரத்தை எளிதில் கடத்துகின்றன. கண்ணாடி, இரப்பர் போன்றவை கடத்துவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை குறைகடத்திகள். சிலிக்கன், ஜெர்மானியம் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

சிலிக்கன் அணுவின் வெளிவட்டத்தில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. படிகத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களுடன் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. எல்லா எலக்ட்ரான்களும் பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதால் மின்னோட்டத்தைச் சுமந்து செல்ல எலக்ட்ரான்கள் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. அறைவெப்பநிலையில் சில பிணைப்புகள் மட்டும் அறுந்து எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன.

ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கனில் ஏறத்தாழ 5 × 10²² அணுக்கள் உள்ளன. அறைவெப்பநிலையில் அவற்றிலிருந்து விடுபட்டிருக்கும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 10¹⁰, அதாவது ஆயிரம் கோடி மட்டுமே. அணுக்களோடு ஒப்பிட்டால், ஐந்து இலட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்னும் அளவிலேயே அவை உள்ளன. தூய சிலிக்கன் மின்சாரத்தைக் கடத்தத் தயங்குவதன் காரணம் இதுவே.

இத்தயக்கத்தைப் போக்குவது மாசூட்டல் என்னும் முறை. பாஸ்பரஸ் அணுவின் வெளிவட்டத்தில் ஐந்து எலக்ட்ரான்கள் உள்ளன. சிலிக்கன் படிகத்தில் அது புகும்போது நான்கு எலக்ட்ரான்கள் பிணைப்பில் சேர, ஐந்தாவது எலக்ட்ரான் எளிதில் விடுபடுகிறது. இவ்வாறு உருவாவது என் வகைக் குறைகடத்தி. போரான் அணுவிலோ மூன்று எலக்ட்ரான்களே உள்ளன. நான்காவது பிணைப்பில் ஓர் இடம் வெறுமையாகிறது. அவ்வெற்றிடத்திற்குத் துளை என்று பெயர். பக்கத்துப் பிணைப்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் வந்து அவ்விடத்தை நிரப்பினால், அது விட்டு வந்த இடம் துளையாகும். இவ்வாறு துளை இடம்பெயர்ந்துகொண்டே செல்வதால் அது நேர்மின்னூட்டம் கொண்ட துகள்போல் செயற்படுகிறது. இவ்வாறு உருவாவது பி வகைக் குறைகடத்தி.

பத்து இலட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்னும் அளவில் மாசூட்டினால், விடுபட்ட எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 50 இலட்சம் மடங்கு உயர்கிறது. அளவறிந்து சேர்க்கப்படும் மாசுதான் சிலிக்கனைப் பயனுள்ள பொருளாக்குகிறது. அளவறியாது புகும் மாசு அதே சிலிக்கனைக் கெடுத்துவிடும். எனவேதான் முதலில் சிலிக்கனை மிகத் தூய்மையாக்கி, அதன்பின் வேண்டிய மாசை வேண்டிய அளவில் மட்டும் சேர்க்கின்றனர்.

சந்தியில் நிகழ்வது

ஒரே படிகத்தின் ஒருபகுதி பி வகையாகவும் மறுபகுதி என் வகையாகவும் அமைந்தால், அவை சந்திக்கும் இடம் பி-என் சந்தி எனப்படும். டையோடின் உயிர்நிலை அதுவே.

சந்தி உருவானவுடன், என் பகுதியில் மிகுந்திருக்கும் எலக்ட்ரான்கள் பி பகுதிக்குள் பரவுகின்றன. பி பகுதியில் மிகுந்திருக்கும் துளைகள் என் பகுதிக்குள் பரவுகின்றன. எலக்ட்ரானும் துளையும் ஒன்றோடொன்று சேர்ந்து மறைகின்றன. எலக்ட்ரான்களை இழந்த பாஸ்பரஸ் அணுக்கள் நேர் அயனிகளாகவும், எலக்ட்ரான்களை ஏற்ற போரான் அணுக்கள் எதிர் அயனிகளாகவும் சந்தியின் இருபுறமும் அணிவகுத்து நிற்கின்றன. அவை படிகத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால் நகர இயலாது. மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்கள் அற்ற இப்பகுதியே இயக்கமில்லாப் பகுதி.

இவ்வயனிகளுக்கு இடையே ஒரு மின்புலம் தோன்றி, மேலும் எலக்ட்ரான்களும் துளைகளும் கடந்து செல்லாதவாறு தடுக்கிறது. இதற்கு மின்னழுத்த அரண் என்று பெயர். இதன் அளவு சிலிக்கனில் ஏறத்தாழ 0.7 வோல்ட், ஜெர்மானியத்தில் ஏறத்தாழ 0.3 வோல்ட். இது மிகச் சிறிய மின்னழுத்தமாகத் தோன்றலாம். ஆனால் இயக்கமில்லாப் பகுதியின் அகலமோ ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் 0.7 வோல்ட் என்றால், மின்புலத்தின் வலிமை மீட்டருக்கு ஏழு இலட்சம் வோல்ட் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வரண் உறுதியாக நிற்பதன் காரணம் இதுவே.

மின்கலத்தின் நேர்முனையைப் பி பகுதியுடனும் எதிர்முனையை என் பகுதியுடனும் இணைப்பது முன்னோக்குச் சார்பு. அப்போது மின்கலத்தின் அழுத்தம் அரணுக்கு எதிராகச் செயற்படுகிறது. இயக்கமில்லாப் பகுதி சுருங்குகிறது. மின்னழுத்தம் 0.7 வோல்ட்டை நெருங்கும்போது எலக்ட்ரான்களும் துளைகளும் பெருமளவில் சந்தியைக் கடக்கின்றன. மின்னோட்டம் விரைந்து உயர்கிறது.

முனைகளை மாற்றி இணைப்பது பின்னோக்குச் சார்பு. அப்போது எலக்ட்ரான்களும் துளைகளும் சந்தியைவிட்டு விலகிச் செல்கின்றன. இயக்கமில்லாப் பகுதி அகல்கிறது, அரண் உயர்கிறது. மிக நுண்ணிய கசிவு மின்னோட்டம் மட்டுமே பாய்கிறது. பெரும்பாலான பயன்பாடுகளில் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இத்தடுப்பிற்கும் ஓர் எல்லை உண்டு. பின்னோக்கு மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், சந்தியிலுள்ள சில துகள்கள் பேராற்றல் பெற்று அணுக்களோடு மோதிப் புதிய துகள்களை விடுவிக்கின்றன. அவை மேலும் மோதி மேலும் பலவற்றை விடுவிக்கின்றன. மலைச்சரிவுபோல் இது பெருகுவதால் சரிவு முறிவு எனப்படுகிறது. மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகினால் வெப்பத்தால் டையோடு அழிந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

சில பொருள்கள் மின்னோட்டத்தை ஒருதிசையில் மிகுதியாகவும் மறுதிசையில் குறைவாகவும் கடத்துகின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் பெர்டினாண்டு பிரவுன் 1874இல் கண்டார். கொல்கத்தாவில் ஆய்வு செய்த ஜகதீச சந்திரபோஸ், கெலீனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவியை உருவாக்கினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பட்டது. குறைகடத்திக் கருவிக்குக் கிடைத்த தொடக்ககாலக் காப்புரிமைகளுள் இஃது ஒன்று. அதே 1904இல் ஆங்கிலேயரான ஜான் அம்புரோஸ் பிளெமிங் வெற்றிடக் குழாய் டையோடை உருவாக்கினார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய இரசல் ஓல், 1940இல் சிலிக்கன் துண்டு ஒன்றில் ஒளி பட்டபோது மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். அத்துண்டினுள் பி-என் சந்தி இயல்பாகவே அமைந்திருந்தது.

அலையைத் திருத்துதல்

மாறுதிசை மின்னோட்டம் ஒரு சுற்றின் முதற்பாதியில் ஒருதிசையிலும் மறுபாதியில் எதிர்த்திசையிலும் பாய்கிறது. அதன் பாதையில் ஒரு டையோடை வைத்தால் ஒருபாதி கடந்து செல்லும், மறுபாதி தடுக்கப்படும். நொடிக்கு ஐம்பது துடிப்புகள் ஒரே திசையில் கிடைக்கும். இதற்கு அரை அலைதிருத்தி என்று பெயர். இதில் மின்னோட்டத்தின் பாதிப்பகுதி பயன்படாமல் போகிறது.

நான்கு டையோடுகளைப் பாலம்போல் இணைத்தால் அக்குறை நீங்குகிறது. முதற்பாதியில் எதிரெதிரே உள்ள இரண்டு டையோடுகள் வழிவிடுகின்றன. மற்ற இரண்டும் தடுக்கின்றன. மறுபாதியில் முன்பு தடுத்தவை வழிவிடுகின்றன, வழிவிட்டவை தடுக்கின்றன. உள்ளே வரும் மின்னோட்டத்தின் திசை மாறினாலும், வெளியேறும் மின்னோட்டத்தின் திசை மாறுவதில்லை. நொடிக்கு நூறு துடிப்புகள் கிடைக்கின்றன. இதுவே பாலவகை முழு அலைதிருத்தி.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. வழிவிடும் இரண்டு டையோடுகள் மட்டும் இப்பணியைச் செய்யவில்லை. தடுத்து நிற்கும் இரண்டும் அதே அளவு பணியைச் செய்கின்றன. அவற்றுள் ஒன்று தடுக்கத் தவறினாலும் மின்மாற்றியின் இருமுனைகளும் ஒன்றோடொன்று இணைந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும்.

துடிப்புகளாக வரும் மின்னோட்டத்தை மின்தேக்கி சமன்செய்கிறது. மின்னழுத்தம் உயரும்போது மின்னூட்டத்தைச் சேமித்து, தாழும்போது அதனைத் திருப்பித் தருவது அதன் பணி. செல்பேசி மின்னேற்றியில் இவை இரண்டும் உள்ளன. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட். மின்னேற்றியில் உள்ள டையோடு பாலம் அதனை நேர்திசையாக்குகிறது, மின்தேக்கி சமன்செய்கிறது, அதன்பின் வேறொரு மின்சுற்று அதனைச் செல்பேசிக்கு ஏற்ற சிறிய மின்னழுத்தமாகக் குறைக்கிறது.

ஓடும் வண்டிக்குள்

பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, இந்தியாவின் பல நகரங்களுக்கும் மின்தொடர்வண்டிகளை உருவாக்கித் தந்துள்ளது. சென்னை – அரக்கோணம் வழித்தடத்தில் ஓடும் வண்டிகளைப் பேணுவதற்கு ஆவடியை ஒட்டி ஒரு பணிமனை அமைந்துள்ளது.

நேர்திசை மோட்டார் கொண்ட மின்தொடர்வண்டியில் மின்சாரம் செல்லும் வழி பின்வருமாறு அமையும். கூரையின் மேலுள்ள மின்வாங்கி, கம்பியோடு உராய்ந்து 25,000 வோல்ட் மின்சாரத்தைப் பெறுகிறது. மோட்டார் பெட்டியில் உள்ள மின்மாற்றி அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது. சிலிக்கன் டையோடு பாலம் அதனை ஒரே திசையில் பாயச் செய்கிறது. பெரிய கம்பிச்சுருள் ஒன்று துடிப்புகளைத் தணிக்கிறது. அதன்பின் மின்னோட்டம் மோட்டார்களை அடைந்து சக்கரங்களைச் சுழற்றுகிறது.

தொடர்வண்டியில் பயன்படும் டையோடுகள் கைக்குள் அடங்கக்கூடியவை. ஆயினும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்குபவை. காட்டாக, 500 ஆம்பியர் மின்னோட்டம் கடக்கும்போது டையோடின் குறுக்கே ஒரு வோல்ட் வீழ்ச்சி ஏற்பட்டால் அதில் 500 வாட் வெப்பம் தோன்றும். ஒரு சிறு துண்டு சிலிக்கன் இவ்வெப்பத்தைத் தானே தாங்க இயலாது. எனவே, அலுமினியத் தகடுகள்மேல் டையோடுகளைப் பொருத்தி, விசிறிகளால் காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுகின்றனர். டையோடு ஒன்று பழுதடைந்தால் அதனைச் சுற்றிலிருந்து விலக்க உருகிகள் அமைப்பதும் வழக்கம்.

கம்பியிலுள்ள 25,000 வோல்ட் மின்சாரம், தொட்டால்தான் தாக்கும் என்று எண்ணுவது பிழை. மிக அருகில் சென்றாலே காற்றின் வழியே பாய்ந்து உயிரைப் பறிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தொடர்வண்டியின் கூரைமீது ஏறுவதும், கம்பிக்கருகே நீண்ட கழிகளையோ கம்பிகளையோ உயர்த்துவதும் உயிருக்கே ஊறு விளைவிக்கும் செயல்களாகும்.

இக்காலத்தில் உருவாக்கப்படும் மின்தொடர்வண்டிகளில் மும்முனை மாறுதிசை மோட்டார்கள் பயன்படுகின்றன. கலங்கரை விளக்கத்தையும் பூவிருந்தவல்லியையும் இணைக்கும் மெட்ரோ வழித்தடத்திற்குரிய வண்டிகளும் இம்முறையைச் சார்ந்தவையே. இம்முறையிலும் கம்பியிலிருந்து பெறும் மாறுதிசை மின்னோட்டம் முதலில் நேர்திசையாக்கப்படுகிறது. பின்னர் வேண்டிய அதிர்வெண் கொண்ட மும்முனை மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. அம்மாற்றத்தைச் செய்யும் திறன்மிகு டிரான்சிஸ்டர்களோடு இணைந்து டையோடுகளும் பணிபுரிகின்றன. மோட்டாரின் வகை மாறினாலும் டையோடின் தேவை மாறவில்லை.

திசையறிதலும் எல்லையறிதலும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எண்ணற்ற சிறுதொழிற்கூடங்கள் இயங்குகின்றன. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகள், பற்றவைப்புக் கருவிகள், மின்கல மின்னேற்றிகள், எல்.இ.டி. விளக்குகள் என அங்குப் பயன்படும் பலவற்றிலும் டையோடு உண்டு. அவற்றைப் பழுதுபார்க்கும் தொழிலாளிக்கு முதலில் வேண்டிய அறிவு இரண்டு: ஒன்று, டையோடின் திசையை அறிதல், மற்றொன்று, அதன் எல்லையை அறிதல்.

சிறிய டையோடின் கரிய உடலில் ஒருமுனையை ஒட்டி வெண்மையான வளையம் ஒன்று வரையப்பட்டிருக்கும். அதுவே எதிர்மின்வாய். பாலத்தில் ஒரு டையோடைத் திசைமாற்றிப் பொருத்தினால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருபாதியில் குறுக்குச்சுற்று உண்டாகும். உருகி இருந்தால் அது அறுந்து கருவியைக் காக்கும். இல்லையேல் டையோடும் மின்மாற்றியும் கருகிப்போகும்.

திசையை அறிவது எளிது. எல்லையை அறியக் கூர்ந்த கவனம் வேண்டும். 1என்4001, 1என்4007 என்னும் இரண்டு டையோடுகளும் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை. இரண்டும் ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். உருவிலும் நிறத்திலும் வேறுபாடு இல்லை. ஆனால், முதலாவது 50 வோல்ட் வரையிலான பின்னோக்கு மின்னழுத்தத்தை மட்டுமே தடுக்கும்; இரண்டாவது 1,000 வோல்ட் வரை தடுக்கும். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சமோ 325 வோல்ட். அம்மின்சாரத்தை நேரடியாகப் பெறும் பாலத்தில் 4007 பொருத்த வேண்டிய இடத்தில் 4001ஐப் பொருத்தினால், முன்னோக்குத் திசையில் அது குறையின்றி வழிவிடும்; தடுக்க வேண்டிய பாதியிலோ முறிந்துபோகும். உடலில் பொறிக்கப்பட்ட நுண்ணிய எண்களைப் படித்துப் பார்ப்பவரே இப்பிழையைத் தவிர்க்க இயலும்.

டையோடு நல்ல நிலையில் உள்ளதா என்பதைப் பல்லளவி கொண்டு அறியலாம். மின்னிணைப்பை நீக்கி, மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டத்தையும் போக்கிய பின்னரே சோதிக்க வேண்டும். டையோடின் ஒருமுனையைச் சுற்றிலிருந்து விடுவித்துப் பார்ப்பது நலம். பல்லளவியை டையோடு சோதனை நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியை நேர்மின்வாயிலும் கருப்புக் கம்பியை எதிர்மின்வாயிலும் வைத்தால், நல்ல சிலிக்கன் டையோடில் ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வரை அளவு காட்டும். கம்பிகளை இடம் மாற்றினால் மின்னோட்டம் பாயவில்லை என்பதற்கான குறி தோன்றும். இருதிசையிலும் சுழியை ஒட்டிய அளவு காட்டினால் டையோடு தடுக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்பது பொருள். இருதிசையிலும் மின்னோட்டம் பாயவில்லை எனில் அது வழிவிடும் ஆற்றலை இழந்துவிட்டது என்பது பொருள். இரண்டுள் எதனை இழந்தாலும் அது டையோடு ஆகாது.

அலைந்து திரியும் மின்னோட்டத்தைப் பயன்தரும் மின்னோட்டமாக்குவது, உரிய திசையில் வழிவிடுதலும் உரியதல்லாத திசையில் தடுத்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்த பணியாகும். அரிசியளவே உள்ள டையோடாயினும், ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் வண்டியின் டையோடாயினும் அதன் அடிப்படை ஒன்றே. அவ்வடிப்படையைப் புரிந்துகொண்டு, எண்ணைப் படித்து, திசையைப் பார்த்து, எல்லையை மதித்துப் பணிசெய்பவரின் கைகளில் கருவிகள் நெடுநாள் உழைக்கும். அவற்றை நம்பியிருப்போரின் வாழ்வும் காக்கப்படும்.

கற்பவை கற்றபின்…

1. வீட்டில் பயன்படும் மின்கருவிகளுள் நேர்திசை மின்னோட்டம் தேவைப்படுபவை எவை, மாறுதிசை மின்னோட்டத்தில் நேரடியாக இயங்குபவை எவை எனப் பட்டியலிடுக.
2. பழுதடைந்து கழிக்கப்பட்ட, மின்னிணைப்பு இல்லாத மின்சுற்றுப் பலகை ஒன்றில் உள்ள டையோடுகளை ஆசிரியர் துணையுடன் இனங்கண்டு, அவற்றின் எண்களையும் வளையக் குறியையும் குறித்து வருக.
3. ‘தடுப்பதும் பணியே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் இரண்டு நிமிடம் உரையாற்றுக.

இலக்கணக் குறிப்பு

வழிவிடுதல், தடுத்தல் – தொழிற்பெயர்கள்
எலக்ட்ரான்களும் துளைகளும் – எண்ணும்மை
ஓடும் வண்டி – பெயரெச்சத் தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

தடுத்து = தடு + த் + த் + உ
தடு – பகுதி
த் – சந்தி
த் – இறந்தகால இடைநிலை
உ – வினையெச்ச விகுதி

திறன் அறிவோம்

பலவுள் தெரிக.

1. 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தைப் பாலவகை முழு அலைதிருத்தி வழியே செலுத்தினால் ஒரு நொடியில் கிடைக்கும் துடிப்புகள்
அ) 25 ஆ) 50 இ) 100 ஈ) 200

2. கூற்று: பின்னோக்குச் சார்பில் டையோடு மின்னோட்டத்தைத் தடுக்கிறது.
காரணம்: பின்னோக்குச் சார்பில் இயக்கமில்லாப் பகுதி சுருங்குகிறது.
அ) கூற்றும் காரணமும் சரி ஆ) கூற்று சரி, காரணம் தவறு
இ) கூற்று தவறு, காரணம் சரி ஈ) கூற்றும் காரணமும் தவறு

குறுவினா

1. மாசூட்டல் என்றால் என்ன?
2. தொடர்வண்டிக் கம்பியில் உயர் மின்னழுத்தம் பயன்படுத்தப்படுவது ஏன்?

சிறுவினா

1. மிதிவண்டி வால்வுக்கும் டையோடுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை விளக்குக.
2. 1என்4007 டையோடு இருக்க வேண்டிய இடத்தில் 1என்4001 டையோடைப் பொருத்துவதால் விளையும் தீங்கைக் காரணத்துடன் எழுதுக.

நெடுவினா

கம்பியிலுள்ள மாறுதிசை மின்னோட்டம், நேர்திசை மோட்டார் கொண்ட மின்தொடர்வண்டியின் சக்கரத்தைச் சுழற்றுவது வரை அடையும் மாற்றங்களைப் பாடப்பகுதி கொண்டு விவரிக்க.